வியாழக்கிழமை ராத்திரி, நடுச்சாமத்துக்கு மேலே

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று வீட்டில் சொல்வார்கள். அதைப் பெருமையாக நினைத்துக்கொண்டு திரிந்த காலம் உண்டு. ஒரு மனிதரை, அவர் செய்யாத காரியத்துக்காக, மலையை விட்டு இறக்கிவிட்டது அந்தக் கோபம்தான். இதை எழுதக் கை வரவில்லை. ஆனால் நடந்தது முழுக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான், நான் சொல்லாவிட்டால் அது அப்படியே போய்விடும்.

சின்னமனூருக்கு மேலே, மலைக்காட்டுக்குள், ஒரு இரும்புக் கோபுரம் நிற்கிறது. செல்போன் டவர் என்றே பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். "டவரு நட்டு இம்புட்டு நாளாச்சு, ஒரு கோடு சிக்னலக் காணோம்" என்று மலைக்குப் போகிற பஸ்ஸில் என்னையே பிடித்துத் திட்டியிருக்கிறார்கள். அது காற்றை அளக்கிற கோபுரம். நான் ஓடைப்பட்டிக்காரி. திராட்சைத் தோட்டத்து வீட்டில் பிறந்து, உத்தமபாளையத்தில் இயற்பியல் படித்துவிட்டு, அந்தக் கோபுரத்துக் கருவிகளைப் பார்த்துக்கொள்கிற வேலையில் சேர்ந்தேன். வாரத்துக்கு இரண்டு நாள் மலை, மற்ற நாள் சின்னமனூரில் ஒரு மாடி அறையில் கம்ப்யூட்டர் முன்னால்.

மரங்கள் பகலில் கரியமில வாயுவை உள்ளே இழுக்கும், ராத்திரி வெளியே விடும். இழுத்தது எவ்வளவு, விட்டது எவ்வளவு என்று கண்டுபிடிப்பதுதான் எங்கள் வேலை. கோபுரத்தில் ஐந்து உயரங்களில் மெல்லிய குழாய்கள் கட்டியிருக்கும். பம்பு காற்றை உறிஞ்சிக் கீழே கொட்டகையில் இருக்கிற பெட்டிக்கு அனுப்பும். அந்தப் பெட்டி நாள் தவறாமல், நிமிடம் தவறாமல் எழுதிக்கொண்டே இருக்கும்.

பகல் சுலபம். வெயில் ஏறினால் காற்று புரளும், உச்சியில் இருக்கிற கருவிக்கு எல்லாம் தெரிந்துவிடும். ராத்திரிதான் ஆளைப் படுத்தும். காற்று அசையாமல் நின்றுவிட்டால், காடு விட்ட மூச்சு மரங்களுக்கு அடியிலேயே தேங்கும். பிறகு குளிர்ந்த காற்றோடு சேர்ந்து சரிவில் மெதுவாக இறங்கிக் கம்பம் பள்ளத்தாக்குப் பக்கம் போய்விடும். உச்சிக் கருவியைக் கேட்டால், இந்தக் காடு மூச்சே விடவில்லை என்று சத்தியம் பண்ணும். எந்த ராத்திரியை நம்பலாம், எந்த ராத்திரியைத் தூக்கிப் போடலாம் என்று பிரிப்பதற்குள் கண் அவிந்துவிடும். போதாக்குறைக்கு மனிதர்கள் செய்கிற தொந்தரவு. கீழ்க்குழாய் பக்கத்தில் ஓர் ஆள் நின்று பெருமூச்சு விட்டால் போதும், பெட்டி எழுதுகிற கோட்டில் ஒரு மேடு விழும். புகை என்றால் சொல்லவே வேண்டாம்.

அதனால் அங்கே ஒரு வாட்ச்சர் இருந்தார். ஐம்பதைத் தாண்டியவர். தேயிலைத் தோட்டத்தில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு எங்களிடம் வந்தவர். கோபுரத்தில் இருந்து எட்டி, ஒரு தகரக்கூரை வீட்டில் மனைவியோடு இருந்தார். ராத்திரி மூன்று தடவை கொட்டகைக்குப் போய், பம்பு ஓடுகிறதா, பனியா, காற்றா என்று பார்த்து ஒரு நோட்டில் எழுத வேண்டும். கரண்டு போனால் கருவிகள் பேட்டரியில் ஓடும், பேட்டரி இறங்குவதற்குள் அவர் ஜெனரேட்டர் போட வேண்டும். போட்டால் அதையும் எழுத வேண்டும், அந்த நேரத்துக் கணக்கை நாங்கள் வெட்டிவிடுவோம், ஏனென்றால் ஜெனரேட்டர் புகை காட்டின் மூச்சு இல்லை.

மனிதர் அந்த வேலையை எப்படிச் செய்தார் என்று சொல்ல வேண்டும். கீழ்க்குழாயைக் கடந்து போகும்போது மூச்சை அடக்கிக்கொண்டு போவார். அவ்வளவெல்லாம் யாரும் அவரைக் கேட்கவில்லை. "எம் மூச்சும் மரத்து மூச்சும் கலந்துறக் கூடாதுல்ல தாயி" என்பார். கன்னத்தை உப்பிக்கொண்டு அவர் நடக்கிறதைப் பார்த்து நான் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன்.

எங்கள் திட்டத்துக்குத் தலைவர் கேரளாப் பக்கத்து விஞ்ஞானி. சார் என்றுதான் கூப்பிடுவோம். அவருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. வாட்ச்சருக்குத் தமிழைத் தவிர வேறு எழுத்து தெரியாது. நடுவில் இருந்தவள் நான். அவர் நோட்டில் எழுதியதை நான் இங்கிலீஷில் மாற்றி, தேதி நேரம் போட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றுவேன். இரண்டும் தெரிந்தவள் என்றுதான் எனக்கு இந்த வேலையே கொடுத்தார்கள்.

கார்த்திகை மாதம் ஒரு திங்கட்கிழமை சார் போன் பண்ணினார். வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்றரை மணியில் இருந்து மூன்று மணி வரை கீழ்க்குழாயில் பெரிய மேடு, என்ன விஷயம் என்றார். பார்த்தேன். மேடு என்றால் சாதாரண மேடு இல்லை, யாரோ அடியில் உட்கார்ந்து அடுப்பு மூட்டிய மாதிரி. நோட்டை எடுத்தேன். 'வெள்ளி ராத்திரி. நல்ல பனி. பம்பு ஓடுது. ஒண்ணும் இல்ல' என்று எழுதியிருந்தார். அதற்கு மேலே, முந்தின பக்கத்தில், 'வியாழன் ராத்திரி நடுச்சாமத்துக்கு மேல கரண்டு இல்ல. ஜெனரேட்டர் போட்டேன். மூணு மணிக்கு நிறுத்துனேன்' என்று இருந்தது. அதற்கு நான் ஏற்கெனவே வியாழக்கிழமை தேதி போட்டு, பன்னிரண்டில் இருந்து மூன்று வரை வெட்டியிருந்தேன்.

வெட்டிய இடத்தில் மேடு எதுவும் இல்லை. ஜெனரேட்டர் ஓடியிருக்கிறது, புகையைக் காணோம். காற்று அடித்துக்கொண்டு போயிருக்கும் என்று நானாக ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்த இடத்தில் ஒரு நிமிடம் நின்று யோசித்திருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

சார் கேட்டார், "தீ போட்டிருக்குமோ? தணுப்பு காலமில்லையா." முன்பு வேறொரு காட்டில் இப்படி ஒரு வாட்ச்சர் குளிர் காய்ந்து, ஒரு மாதக் கணக்கு பாழாகிப்போனதாம். அந்த வார்த்தை எனக்கு ஒட்டிக்கொண்டது. என் ராத்திரிக் கணக்கு சுத்தமாக இல்லை என்று அதற்கு முந்தின வாரம்தான் அவர் சொல்லியிருந்தார். எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. இப்போது தப்பைப் போட ஓர் ஆள் கிடைத்துவிட்டார், உள்ளதைச் சொன்னால் அவ்வளவுதான் விஷயம்.

மறுநாள் சாரும் நானும் ஜீப்பில் போனோம். வாட்ச்சர் எங்களைப் பார்த்ததும் டீ போடச் சொல்ல வீட்டுப் பக்கம் திரும்பினார். நான் நிறுத்தினேன்.

"அண்ணே, வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்றரை மணிக்கு டவருக்கு அடியில தீ மூட்டுனீகளா?"

"இல்லையே தாயி."

"குளிருன்னு கொஞ்சமாக் கூட மூட்டலயா?"

"குளிருனா வீட்டுக்குள்ள போயிருவேன். அங்கன போயி எதுக்கு மூட்டப் போறேன்? மூச்சக்கூட அடக்கிக்கிட்டுல்ல போறேன்."

"அப்ப மெஷின் பொய் சொல்லுதாக்கும்?"

"மெஷின் பொய் சொல்லாது தாயி. ஆனா வெள்ளிக்கெழம ராத்திரி ஒண்ணுமே நடக்கல. மொத நாளு ராத்திரிதான் கரண்டு போச்சு, ஜெனரேட்டர் போட்டேன். அதயும் எழுதியிருக்கேன்ல."

"அது முந்தின நாள் கதை. அத ஏன் இப்ப இழுக்குறீக?" என்றேன்.

நடந்ததை அப்படியே என் கையில் கொடுத்தார். நான் அதைத் தட்டிவிட்டேன்.

சார் ஜீப் பக்கம் என்னைக் கூப்பிட்டார். காட்டுக்குள் தீ என்றால் வனத்துறைக்குச் சொல்லியாக வேண்டும். சொன்னால் கேஸ் ஆகும், அப்புறம் இந்த மலையில் அவருக்கு யாரும் வேலை கொடுக்க மாட்டார்கள். தப்பை ஒத்துக்கொண்டு எழுதிக் கொடுத்துவிட்டு அவராக விலகிக்கொண்டால் இதோடு முடித்துக்கொள்ளலாம் என்றார். சார் இரக்கமில்லாதவர் இல்லை. அவருக்குக் கிடைத்தது நான் மொழிபெயர்த்த கணக்கு.

சார் சொன்னதை வாட்ச்சரிடம் சொல்லிவிட்டு, அந்தக் கடிதத்தை நான்தான் எழுதினேன். வாட்ச்சருக்கு எழுத நேரமாகும், எனக்கோ பொறுமை இல்லை. 'வெள்ளிக்கிழமை இரவு ஒன்றரை மணி அளவில் குளிர் தாங்க முடியாமல் கோபுரத்தின் அடியில் தீ மூட்டினேன். இது என் தவறு' என்று நல்ல கையெழுத்தில் எழுதி நீட்டினேன். அவர் வாங்கி இரண்டு தடவை படித்தார். மனைவி வாசலில் நின்றுகொண்டிருந்தார். வாட்ச்சர் சத்தத்தைத் தாழ்த்திக்கொண்டு, "நான் மூட்டலேன்னு ஒனக்குத் தெரியுமில்ல தாயி?" என்றார்.

"கையெழுத்துப் போடுங்கண்ணே. ஒங்க நல்லதுக்குத்தான் சொல்றேன், நேரமாச்சு" என்றேன்.

போட்டார். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது "இந்தாங்க மேடம்" என்றார். அதுவரை ஒரு நாளும் என்னை மேடம் என்று கூப்பிட்டதில்லை. எனக்குச் சுருக்கென்றது. மூன்றாம் நாள் புருஷனும் பெண்டாட்டியும் சாமான்களைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார்கள் என்று புதிதாக வந்த வாட்ச்சர் சொன்னார்.

தை மாதம் என் அக்காவுக்கு உத்தமபாளையத்தில் பிரசவம். ராத்திரி இரண்டு மணிக்குப் பெண் பிள்ளை பிறந்தது. ஒவ்வொருவருக்காகப் போன் போட்டேன். "வெள்ளிக்கெழம ராத்திரி ரெண்டு மணிக்குப் பெரியம்மா. பொட்டப்புள்ள. மகாலட்சுமி வந்துட்டா" என்று எல்லோரிடமும் அதே பாட்டு. விடிந்ததும் மாமா, அக்கா வீட்டுக்காரர், ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்துக்கொண்டு முகத்தைத் தொங்கப்போட்டு வந்தார். "சனிக்கெழமன்னு போட்டுருக்காக. எங்க அம்மா பாத்தா ஆடித் தீத்துருவாக. நீ போயிக் கேளு, ஒனக்குத்தான் வாயி இருக்கு" என்றார்.

எனக்கு இது போதாதா? சீட்டைப் பிடுங்கிக்கொண்டு போய் நர்ஸ் மேஜை முன்னால் நின்றேன். "வெள்ளிக்கிழமை ராத்திரி பொறந்த பிள்ளைக்கு சனின்னு போட்டா எப்படி சிஸ்டர்? கண்ண மூடிக்கிட்டு எழுதுவீகளா?"

அந்தப் பெண் ராத்திரி முழுக்க முழித்த கண்ணோடு என்னை நிமிர்ந்து பார்த்தார். "ரெண்டு மணிக்குத்தானம்மா பொறந்துச்சு? பன்னெண்டு அடிச்சா சனிக்கெழம. நீங்க படிச்சவங்கதானே?" என்றார்.

சீட்டைப் பிடித்துக்கொண்டு அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்தேன். எனக்கு வெள்ளிக்கிழமை ராத்திரி என்றால் வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்ததில் இருந்து சனிக்கிழமை விடிகிற வரைக்கும். எங்கள் ஊரில் எல்லோருக்கும் அப்படித்தான், விடிந்தால்தான் மறுநாள். போனில் பத்துப் பேரிடம் அப்படிச் சொல்லியிருக்கிறேன், அதற்காகச் சண்டைக்கும் வந்திருக்கிறேன். வாட்ச்சரும் அதே பேச்சைத்தான் எழுதினார். வியாழன் ராத்திரி, நடுச்சாமத்துக்கு மேலே. பெட்டிக்கு அது வெள்ளிக்கிழமை. வீட்டில் தமிழச்சியாகப் பேசிவிட்டு, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும் அவர் எழுதிய நாளுக்கு நேரே காலண்டர் தேதியைப் போட்டவள் நான்.

அன்றைக்குச் சாயங்காலமே சின்னமனூர் போய்க் கணக்கைத் திறந்தேன். வியாழன் என்று இருந்ததை வெள்ளிக்கு நகர்த்தினேன். மேடு அந்த ஜெனரேட்டர் ஓடிய நேரத்துக்குள் கச்சிதமாக உட்கார்ந்தது. அதற்கு முன்பும் மூன்று ராத்திரி இதே தப்பு. மற்றபடி எங்கள் மலையில் கரண்டு பெரும்பாலும் ஏழு மணி எட்டு மணிக்குப் போகும். அப்போது அவர் கிழமையும் என் கிழமையும் ஒன்றாக இருக்கும், அதனால் வெளியே தெரியவில்லை.

சாரிடம் என்ன சொன்னேன் தெரியுமா? நோட்டுக் குறிப்பில் நாள் மாறுகிற இடத்தில் ஒரு குழப்பம் இருந்தது, சரி பண்ணிவிட்டேன் என்றேன். அவ்வளவுதான். "நல்ல காரியம். இங்ஙன கண்ணு வெச்சுப் பாக்கிற ஆளு வேணும்" என்று பாராட்டினார். மேட்டின் கதையை அவர் மறந்துபோயிருந்தார், நான் ஞாபகப்படுத்தவில்லை. பாராட்டை வாங்கிக்கொண்டு போனை வைத்தேன். இன்றைக்குச் சொல்கிறேன், அவர் மறக்காமல் கேட்டிருந்தால்கூட நான் ஏதாவது சொல்லி மழுப்பியிருப்பேன். எனக்கு வேலை போய்விடும் என்ற பயம் பாதி, ஒரு பெரிய மனிதர் முன்னால் நான் முட்டாளாக நிற்க வேண்டுமே என்ற ரோஷம் பாதி.

நாளைக்குச் சொல்லலாம், அடுத்த வாரம் சொல்லலாம் என்று மாசி போனது, பங்குனி போனது, சித்திரையும் போனது. மலைக்குப் போகிற நாளில் கீழ்க்குழாய் பக்கம் போனாலே எனக்கு மூச்சு முட்டும். புது வாட்ச்சர் அங்கே நின்று தாராளமாகக் கொட்டாவி விடுவார். யாரையும் எதுவும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வைகாசியில் ஒரு காலை, சின்னமனூர் வாழைக்காய் மார்க்கெட் வழியாக நடந்துகொண்டிருந்தேன். லாரியில் இருந்து வாழைத்தார் இறக்கிக்கொண்டிருந்தவர்களில் அவர் இருந்தார். ஆள் பாதியாகியிருந்தார். மலைக் குளிரிலேயே இருந்த உடம்பு, கீழ்நாட்டு வெயிலில் கருத்துச் சுருங்கிப் போயிருந்தது. தோளில் தாரோடு என்னைப் பார்த்தார். பார்த்ததும் சட்டென்று லாரிக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். தப்புச் செய்தவர் மாதிரி அவர் ஒளிந்துகொண்டார், நான் குத்துக்கல்லாக நடுரோட்டில் நின்றேன். எனக்கு அழுகை வந்தது.

அன்றைக்கே சாருக்கு எல்லாவற்றையும் எழுதினேன். தீயே இல்லை, ஜெனரேட்டர்தான், தப்பு என்னுடையது, கடிதமும் நான் எழுதியது என்று எழுதி அனுப்பினேன். எப்போது தெரிந்தது என்பதை மட்டும் எழுதவில்லை. இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. ரொம்ப வருத்தம், ஆனால் அந்த வேலைக்கு வேறு ஆள் போட்டாயிற்று, கையெழுத்து அவருடையதாக இருக்கிறது, பார்க்கலாம் என்றார். அடுத்த வாரம், மார்க்கெட்டில் விசாரித்து, மார்க்கையன்கோட்டைக்குப் போனேன்.

வாய்க்காலை ஒட்டி ஓர் ஒற்றை அறை வீடு. மத்தியான நேரம். அவர் உள்ளே உட்கார்ந்திருந்தார், மனைவி சோறு வடித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அவர் எழுந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் பேசிவிட்டார்.

"வாங்க மேடம். அன்னைக்குக் குளிரு தாங்கல மேடம். புத்தி கெட்டுப்போயி மூட்டிட்டேன். இனிமே சத்தியமா மூட்ட மாட்டேன். திரும்பச் சேத்துக்குவீகளா?"

நான் எழுதிக் கொடுத்த வாசகத்தைத்தான் அவர் சொன்னார். குளிர் தாங்க முடியாமல் என்பது என் சொல். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"நீங்க மூட்டலண்ணே."

"இல்ல மேடம், மூட்டுனேன். எழுதிக்குடுத்துருக்கேன்ல." நான் அவரைச் சோதித்துப் பார்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். ஒத்துக்கொள்வதுதான் தனக்கு நல்லது என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். யாரோ என்ன யாரோ, நான்தான்.

விரலை மடக்கி மடக்கிச் சொன்னேன். வியாழன் ராத்திரி, பன்னிரண்டு மணி, பெட்டிக்கு நாள் மாறுவது, நான் தேதி போட்டது. பாதியிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது.

"அப்ப நடுச்சாமத்துக்கு மேலன்னா அது மறுநாளா?"

"மெஷினுக்கு அப்படிண்ணே."

"மெஷினுக்குச் சரி. ஒனக்குமா தாயி?"

அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, முகத்தைத் துண்டால் துடைத்தார். பிறகு அடுப்புப் பக்கம் திரும்பி, "கேட்டியா? நான் மூட்டல" என்றார்.

அந்த அம்மா வந்து நிலைப்படியில் நின்றார். "இந்த ஆறு மாசமா இவரப் பேசாத பேச்செல்லாம் பேசிட்டேன். ஒரு ராத்திரி குளிரு பொறுக்க மாட்டாம குடியக் கெடுத்துட்டியேன்னு. மொதல்ல இல்லன்னாரு. அப்புறம் அவரும் ஆமான்னுட்டாரு" என்றார். என்னையே பார்த்தார். "ஒங்களுக்கு இது எப்பத் தெரிஞ்சுச்சு?"

தை மாதம் என்று நாக்கு நுனி வரை வந்தது. ஆஸ்பத்திரி, சீட்டு, சாருடைய பாராட்டு, எல்லாம் கண் முன்னால் வந்து நின்றது. சொல்லிவிட வேண்டும் என்றுதான் இத்தனை தூரம் வந்திருந்தேன்.

"போன வாரந்தான்" என்றேன்.

வாட்ச்சர் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா புள்ள? தெரிஞ்ச ஒடனே ஓடியாந்துருக்கு. நான்தான் சொன்னேன்ல, அந்தப் புள்ள நல்ல புள்ளன்னு" என்றார் மனைவியிடம்.

அந்த அம்மா ஒரு தட்டைக் கழுவி எடுத்துக்கொண்டு வந்து, அவருக்குப் போடுவதற்கு முன்னால் எனக்குச் சோறு போட்டார். வேண்டாம் என்று சொல்லத் தைரியம் இல்லாமல் சாப்பிட்டேன்.